மர பெஞ்சும் பாட்டிமார்களும்

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனச்சோர்வுக்கான ஆலோசனை, சுகாதார நிலையத்து வளாகத்தில் ஒரு மர பெஞ்சில் நடக்கிறது. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கிய திட்டம் இது. ஆலோசகர்கள், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள்!

வருபவர் முதலில் மனதில் உள்ளதையெல்லாம் கொட்டலாம்: வேலை போனது, கணவன் அடிப்பது, எச்.ஐ.வி. பயம். பாட்டி குறுக்கிடுவதில்லை. பிறகு, இவற்றில் எதை முதலில் பார்க்கலாம் என்று கேட்பார். தேர்ந்தெடுப்பதும் வழி சொல்வதும் வந்தவரே. துவண்டவரிடம் நாம் உடனே புத்திமதிக்குத்தானே போகிறோம்!

2016-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அறிகுறிகள் நீடித்தன. பெஞ்சுக்கு வந்தவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான்.

ஆலோசனை முடிந்த பிறகும், பெஞ்சுக்கு வந்தவர்கள் குழுவாகக் கூடுகிறார்கள். பழைய பிளாஸ்டிக்கை நாடாவாக வெட்டிப் பை பின்னியபடியே பேசுகிறார்கள். விற்றால் கையில் கொஞ்சம் காசும் சேர்கிறது.