ஒரே கூரையின்கீழ் இருவகைக் கல்வி

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

‘இஸ்லாமியக் கல்வியும் மேலைநாட்டுச் சமயச் சார்பற்ற கல்வியும்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்திருக்கின்றீர்கள். இத்தலைப்பைக் கேட்டவுடன், எதிரெதிரே நிற்கும் இரண்டு கோட்டைகள் பலருடைய மனக்கண்ணில் தோன்றக்கூடும். இவ்விரண்டும் இயல்பிலேயே பகையா? அல்லது இடையில் வந்த ஏதோ ஒன்று இவற்றைப் பிரித்ததா? இவ்வினாவுக்கு விடை தேட உங்களைப் பழைய தில்லி மாநகருக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். பழைய மதரசாக்கள் வேதம் ஓதும் இடங்களாக மட்டும் இருந்தவை அல்ல. இலக்னோவில் வாழ்ந்து 1748இல் மறைந்த முல்லா நிசாமுத்தீன் பெயரால் வழங்கும் பாடத்திட்டத்தில், அரபு இலக்கணம், சமயச் சட்டம் ஆகியவற்றோடு தருக்கம், தத்துவம், கணிதம் ஆகியனவும் இடம்பெற்றிருந்தன. அங்குக் கற்றவர் நீதிபதியாகலாம், அரசு அலுவலராகலாம். அரசாங்க மொழியாகிய பாரசீகத்தை இந்துக்களும் விரும்பிக் கற்றனர். 1835இல் ஆங்கிலக் கல்விக்கே அரசுப் பணம் என்று பெண்டிங்க் பிரபுவின் ஆட்சி முடிவு செய்தது. 1837இல் பாரசீகம் ஆட்சிமொழி என்னும் நிலையை இழந்தது. மதரசாவில் கற்றவனுக்கு இருந்த உத்தியோக வாயில் மெல்ல மெல்ல அடைபட்டது. பிழைப்புக்கு உதவாத கல்வி என்னும் பெயர் அதற்கு அதன்பின் வந்ததேயன்றி, அதன் பிறவிக்குறை அன்று.

ஆயினும் அதே காலத்தில் தில்லியில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. அஜ்மீரி வாசலருகே இருந்த பழைய மதரசாவை 1825இல் ஆங்கில அரசு தில்லிக் கல்லூரியாக மாற்றியமைத்தது. 1829இல் அயோத்தி அரசின் அமைச்சர் இத்திமாதுத் தௌலா அதற்கு 1,70,000 ரூபாய் அறக்கொடையாக வழங்கினார். அங்கு அரபும் பாரசீகமும் முன்போலவே கற்பிக்கப்பட்டன. அவற்றோடு மேலைநாட்டுக் கணிதமும் அறிவியலும் வரலாறும் உருது மொழியிலேயே கற்பிக்கப்பட்டன. அதற்கென மொழிபெயர்ப்புக் கழகம் ஒன்று இயங்கியது. அங்குப் பயின்று ஆசிரியரான இராமச்சந்திரர் எழுதிய கணித நூல் 1850இல் கல்கத்தாவில் வெளிவந்தது. இலண்டன் கணிதப் பேரறிஞர் டி மார்கன் அதனைப் பாராட்டி, 1859இல் அங்கு மறுபதிப்பாக வெளிவரச் செய்தார். மேலை அறிவு நம் மொழியில் நுழையாது என்போருக்கு இதைவிட வேறு மறுமொழி வேண்டுமோ?

அக்கல்லூரிக்குள் வந்த ஓர் ஏழைச் சிறுவனின் கதையைக் கேளுங்கள். அவன் பெயர் நசீர் அகமது. தில்லியில் ஒரு பள்ளிவாசலில் தங்கி ஓதிக்கொண்டிருந்தான். அக்கால வழக்கப்படி, ஓதும் பிள்ளைகள் வீடுவீடாகச் சென்று உணவு பெற்று உண்பார்கள். அவன் சென்ற வீடுகளில் ஒன்றில் மசாலா அரைத்துக் கொடுத்தால்தான் ரொட்டி கிடைக்கும். கை ஓய்ந்தால் அவ்வீட்டுச் சிறுமி அவன் விரல்களில் அடிப்பாளாம். அந்தச் சிறுமியையே அவர் பிற்காலத்தில் மணந்தார் என்பது வேறு கதை! அச்சிறுவனுக்குத் தில்லிக் கல்லூரி உதவித்தொகையுடன் இடம் அளித்தது. ஆங்கிலம் படிப்பதைவிட மகன் இறப்பதே மேல் என்று தந்தை கூறிவிட்டமையால், அவன் அரபுப் பிரிவில் சேர்ந்தான். ஆனால் அப்பிரிவிலும் கணிதமும் புதிய அறிவும் அவனுக்குக் கிடைத்தன. ஆங்கிலத்தைப் பின்னர்த் தாமே கற்றார்; இந்தியத் தண்டனைச் சட்டத்தை உருதுவில் ஆக்குவதில் பங்கு கொண்டார்; துணைக் கலெக்டராக உயர்ந்தார். தம் மகளுக்காக எழுதத் தொடங்கிப் பெண்கல்வியின் பயனை விளக்கிய ‘மிராத்துல் உரூஸ்’ என்னும் நூலை 1869இல் வெளியிட்டு அரசின் பரிசும் பெற்றார்.

அன்பர்களே! அந்தத் தந்தையின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால் அவர் அஞ்சியது கணிதத்தை அன்று. மகனைத் தம்மிடமிருந்து பிரித்துவிடும் என்று கருதிய ஒரு மொழியையும் ஓர் ஆட்சியையுமே அஞ்சினார். தாய்மொழியில் கற்பித்து, உணவுக்கும் வழிசெய்த கல்விக்கூடம் அந்த அச்சத்தைச் சுற்றிக்கொண்டு சென்று சிறுவனைக் காப்பாற்றியது.

1857ஆம் ஆண்டுப் புரட்சி இக்கூரையைப் பிரித்தெறிந்தது. கல்லூரி முதல்வர் கொல்லப்பட்டார், நூலகம் சூறையாடப்பட்டது. கல்லூரி பின்னர்த் திறக்கப்பட்டும் 1877இல் மீண்டும் மூடப்பட்டது. ஒன்றாய் இருந்த கல்வி இரண்டாய்ப் பிளந்தது. 1866இல் முகம்மது காசிம் நானோத்தவி முதலியோர் தேவபந்தில் மதரசா கண்டனர். 1875இல் சர் சையது அகமது கான் அலிகாரில் பள்ளி தொடங்கினார்; ஈராண்டில் அது கல்லூரியாக வளர்ந்தது. தில்லிக் கல்லூரியின் அரபு ஆசிரியர் மம்லூக் அலியிடம் பாடம் கேட்டவர் நானோத்தவி என்பது இங்கு எண்ணத்தக்கது.

பிரிந்தபின்னும் ஒன்றை ஒன்று விட்டு நீங்கவில்லை. தேவபந்து ஆங்கிலம் கற்பிக்கவில்லை. ஆனால் வகுப்பு, தேர்வு, ஆண்டறிக்கை, ஊதியம் பெறும் ஆசிரியர் என்னும் ஆங்கிலக் கல்லூரி அமைப்பை ஏற்றுக்கொண்டது. அரசு மானியத்தை நாடாமல் பொதுமக்கள் தந்த சிறு நன்கொடைகளால் ஏழை மாணவருக்கு உணவும் உறையுளும் அளித்தது. அலிகார் ஆங்கிலம் கற்பித்தது. ஆனால் முஸ்லிம் மாணவர் தொழுகையைக் கட்டாயமாக்கியது. அதன் முதல் பட்டதாரி ஈசுவரி பிரசாத் என்னும் இந்து மாணவர்.

இரண்டிலும் குறை இருந்தது. தேவபந்தின் மாணவருக்குப் புதிய அறிவியல் கிட்டவில்லை. அலிகார் உயர்குடிப் பிள்ளைகளையே பெரிதும் நோக்கியது. ஆண்கள் கற்றபின் பெண்கள் கற்கலாம் என்பது சர் சையதின் கருத்து. அங்குப் பெண்பள்ளி ஒன்றை ஷேக் அப்துல்லா தொடங்க 1906ஆம் ஆண்டு ஆயிற்று. நெசவாளன் மகன் ஒரு வாயிலில் நின்றான். மகளோ எந்த வாயிலிலும் நிற்க இயலவில்லை. ‘எந்தக் கல்வி உயர்ந்தது?’ என்று அறிஞர்கள் வாதிட்ட நேரத்தில், ‘எவருக்குக் கல்வி?’ என்னும் வினா வெளியே காத்துக் கிடந்தது. வாயிலில் காத்துநிற்பது எத்தகையது என்பதை இந்த அவைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1920 அக்டோபர் 29ஆம் நாள், ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், அலிகாரில் ஜாமியா மில்லியா இஸ்லாமியா பிறந்தது. சமயக் கல்வியும் புதிய கல்வியும் மீண்டும் சேர்ந்து வாழ எழுந்த இல்லம் அது. அதனைத் தொடங்கிவைத்தவர் மகமூத் ஹசன். 1866இல் தேவபந்தில் சேர்ந்த முதல் மாணவர் அவரே! நோயுற்ற உடலோடு வந்து அலிகார் மாணவரை வாழ்த்திய அப்பெரியார், ஒரு திங்கள் கழித்து மறைந்தார். அந்த ஜாமியாவைப் பின்னர்த் துணைவேந்தராக இருந்து காத்த ஜாகிர் உசேன் 1967இல் குடியரசுத் தலைவரானார். தில்லிக் கல்லூரியின் வழிவந்த கல்லூரி 1975 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. பிரிந்த கிளைகள் ஒரே மரத்தவை என்பதற்கு வரலாறு தந்த சான்று இது.

முஸ்லிம் பிள்ளைகள் அனைவரும் மதரசாவிலேயே அடைந்து கிடக்கின்றனர் என்பாரும் உளர். முழுநேர மதரசாக்களில் பயில்வோர் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரே என்று 2006இல் சச்சார் குழு எடுத்துரைத்தது. நம் ஊர்களிலும் காலையில் ஓதிவிட்டுப் புத்தகப் பையுடன் பள்ளிக்கு ஓடும் பிள்ளைகளைக் காண்கின்றோம். அப்பிள்ளையின் நெஞ்சில் இரு கல்வியும் சண்டையிடுவதில்லை. அதற்கு இடையூறாக நிற்பவை வறுமையும், தொலைவில் உள்ள பள்ளியும், இடையிலேயே வேலைக்கு அனுப்பும் கட்டாயமுமே ஆகும்.

ஆகவே, கல்விப் பணி ஆற்றும் பெருமக்களே! ஒரு பிள்ளையிடம் ‘உன் வீட்டை விட்டுவிட்டு வா, கற்பிக்கின்றோம்’ என்று சொல்லாதீர்கள். அவன் அறிந்த மொழியில் பாடமும், பசித்த வயிற்றுக்குச் சோறும், அவன் தங்கைக்கும் ஓரிடமும் கொடுங்கள். அன்று மசாலா அரைத்த கை பின்னர்ச் சட்டத்தை மொழிபெயர்த்தது என்பதை மட்டும் மறவாதீர்கள்.