கண்டிச் சீமை தந்த பாடம்

(நாமகிரிப்பேட்டையில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. கொண்டுவந்தவர்கள் நம் தோழர்கள்தான். “வடநாட்டு ஆட்களை மில்லை விட்டும் காட்டை விட்டும் வெளியேற்ற வேண்டும்” என்பது தீர்மானம். இந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். சவ்வரிசி மில்லில் கூலி உயர்வு கேட்டவர்களை, “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் அந்த இடத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளை நிறுத்தினார்கள். மஞ்சள் வேகவைக்கும் களத்திலும் இதே கதைதான். வயிற்றில் அடித்தால் வாய் சும்மா இருக்குமா?

ஆனால் தோழர்களே, அடித்த கை எது என்று பார்த்துப் பிடிக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள நம் பாட்டன் பூட்டன் போன வழியைப் பார்த்தாலே போதும். அவர்கள் கண்டிச் சீமைக்குப் போனார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைத் துரைமார் சிலோன் மலைகளில் காப்பித் தோட்டம் போட்டார்கள். 1840-இல் ஒரு சட்டம் செய்து, பட்டா காட்ட முடியாத காடுகளையெல்லாம் சர்க்கார் நிலம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காட்டை நம்பிப் பிழைத்தவன் சிங்களக் குடியானவன். அவனுக்குத் தோட்டத்தில் அடிமை வேலை செய்ய மனமில்லை. உடனே துரைமார் நம் பக்கம் திரும்பினார்கள். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளில் பஞ்சமும் பண்ணையாரும் சேர்ந்து சனங்களைப் பிழிந்துகொண்டிருந்த காலம் அது. 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தில் மிகவும் அடிபட்ட ஜில்லாக்களில் நம் சேலமும் ஒன்று. “தேங்காயும் மாசியும் அங்கே மரத்தடியில் கிடக்கிறது” என்று ஆசை காட்டி ஆள் பிடிக்கக் கங்காணி வந்தான். முன்பணம் கொடுத்தான். அந்தப் பணம் கடனாயிற்று. கடன் கழுத்துச் சுருக்காயிற்று. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். 1921-இல்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இப்போது நம் மில்லில் ஆள் கொண்டுவந்து விடும் காண்ட்ராக்டரைப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுக்கிறான். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறான். கொட்டகையில் பத்துப் பேரை அடைக்கிறான். கங்காணி செத்துப் போகவில்லை, தோழர்களே! சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

சிங்களக் குடியானவனுக்கு நிலம் போயிற்று. எடுத்தவன் வெள்ளைக்காரன். ஆனால் குடியானவன் கண்ணுக்குத் தெரிந்தவன் யார்? லயத்தில் குடியிருந்த தமிழன். “இவன் வந்ததால்தான் நமக்குக் கேடு” என்று சொல்லிக்கொடுக்கத் தலைவர்களும் கிடைத்தார்கள்.

இதில் மிகவும் வேதனையான கதை ஏ.ஈ.குணசிங்கவுடையது. 1922-இல் கொழும்பில் தொழிற்சங்கம் கட்டியவர். 1923-இல் பொது வேலைநிறுத்தம் நடத்தியவர். எல்லா இனத் தொழிலாளர்களும் அவர் பின்னால் நின்றார்கள். 1930-களில் உலக மந்தம் வந்தது, வேலை போயிற்று. முதலாளிகளோடு மோதுவதை விட்டுவிட்டு, “மலையாளிகளே வெளியேறுங்கள்” என்று அவர் கிளம்பினார். 1933-இல் வெள்ளவத்தை நெசவு மில்லில் வேலைநிறுத்தம் வந்தது. அங்கே பெரும்பாலோர் மலையாளிகள். கொல்வின் ஆர்.டி.சில்வா போன்ற இளம் சிங்கள இடதுசாரிகள் அவர்களோடு நின்றார்கள். குணசிங்கவோ வேலைநிறுத்தத்தை உடைக்க நின்றார். தொழிலாளியின் தலைவராகத் தொடங்கியவர், கருங்காலிகளுக்குத் துணையாக முடிந்தார். ‘வெளியாளைத் துரத்து’ என்ற பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நல்ல சாட்சியும் உண்டு. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வுக்காக நம் ஆட்கள் போராடினார்கள். போலீஸ் சுட்டது, கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அந்தப் போராட்டத்துக்குத் தோள் கொடுத்தது சிங்களத் தோழர்கள் நடத்திய லங்கா சமசமாஜக் கட்சி. சிங்களவனும் தமிழனும் ஒரே கொடியின் கீழ் நிற்பதைப் பார்த்துத்தான் துரைமாரும் கொழும்புப் பணக்காரர்களும் பயந்தார்கள்.

1947-இல் தேர்தல் வந்தது. தோட்டத் தொழிலாளர்களின் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களைப் பிடித்தது. வேறு பல தொகுதிகளிலும் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்குக் கை கொடுத்தது. டி.எஸ்.சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி 95 இடங்களில் 42-ஐத்தான் பெற்றது. சும்மா இருப்பார்களா? 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; 1949-இல் ஓட்டுரிமையும் போயிற்று. ஏறத்தாழ 7 லட்சம் பேர், அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் உட்பட, ஒரு நாடும் இல்லாத அநாதைகள் ஆனார்கள். “வெளியாள் ஒழிந்தான்” என்று சிங்களத் தொழிலாளிகளில் சிலரும் கை தட்டினார்கள்.

கை தட்டியவனுக்கு என்ன கிடைத்தது? கணக்குப் பாருங்கள். 1952 தேர்தலில் தோட்டத்து ஓட்டு இல்லை. ஐக்கிய தேசியக் கட்சி 42-லிருந்து 54 ஆயிற்று. அடுத்த ஆண்டே, 1953-இல், 25 சதத்துக்கு விற்ற ரேஷன் அரிசியை 70 சதமாக்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவிலும் கை வைத்தார்கள். ஆகஸ்டு 12-ஆம் தேதி நாடு கொதித்தெழுந்து ஹர்த்தால் செய்தது. துப்பாக்கி பேசியது. குண்டு பட்டு விழுந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணச் சிங்கள மக்கள். ஓட்டுப் பறிபோனது தமிழனுக்கு. அரிசி விலை ஏறியது சிங்களவனுக்கு. அண்டை வீட்டான் கையை வெட்டச் சம்மதித்தவனுக்கு, ஆபத்து வரும்போது தூக்கிவிட அந்தக் கை இல்லாமல் போயிற்று.

இதற்காகச் சிங்களவர்கள் பொல்லாதவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வெள்ளைக்காரனுக்கு வெள்ளைக்காரனே இதைச் செய்திருக்கிறான். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்கு மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். ஜெர்மானியர்களும் லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குப் போனார்கள். கால்வாய் வெட்டினார்கள், ரயில் பாதை போட்டார்கள். “கூலியைக் கெடுக்க வந்தவன், போப்பின் ஆள்” என்று அவர்கள் மேல் பாய்ந்தார்கள். பஞ்சத்துக்கு முன்பே, 1844-இல், பிலடெல்பியாவில் ஐரிஷ்காரர்களின் கோயில்களைக் கொளுத்தினார்கள். 1850-களில் இதற்கென்றே ஒரு கட்சி வளர்ந்தது. கேட்டால் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்ல வேண்டும் என்பது அதன் ரகசிய விதி. 1855-இல் லூயிவில் நகரத்தில் தேர்தல் நாளன்றே ஐரிஷ்காரர்களையும் ஜெர்மானியர்களையும் கொன்றார்கள். இங்கிலாந்திலும் ஐரிஷ் தொழிலாளி மேல் இதே வெறுப்பு இருந்தது. ஸ்தாபனமும் எண்ணிக்கையும் இருந்தும் ஆங்கிலத் தொழிலாளி வர்க்கம் பலவீனமாக இருப்பதற்கு இந்தப் பகைதான் காரணம் என்று 1870-இல் மார்க்ஸ் ஒரு கடிதத்தில் எழுதினார். முதலாளிகள் இதை நன்றாக அறிந்தே வளர்க்கிறார்கள் என்றும் சொன்னார்.

நம் பக்கத்துத் தவறையும் மறைக்கக் கூடாது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரை ஆடுமாடு போலப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மனிதர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முல்லோயாவில் தோள் கொடுத்த சமசமாஜக் கட்சி அப்போது அதே மந்திரிசபையில் உட்கார்ந்திருந்தது. அங்கே ‘கள்ளத்தோணி’ என்று ஏச்சு வாங்கியவர்கள் இங்கே வந்து இறங்கியதும், நாம் ‘சிலோன்காரன்’ என்று ஒதுக்கினோம். பாட்டன் பிறந்த ஊரிலேயே பேரன் வெளியாள்! மிச்சமிருந்தவர்களுக்கு இலங்கையில் பிரஜாவுரிமை கிடைக்க 2003 வரை ஆயிற்று.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2023-இல், பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். அது பொய்தான். ஆனால் அதே ஆண்டு மே மாதம், நம் ஜில்லாவில், ஜேடர்பாளையம் பக்கம், வெல்ல ஆலைக் கொட்டகையில் படுத்திருந்த ஒடிசாத் தொழிலாளர்கள் மீது தீ வைத்தார்களே, அது பொய்யா? தீயில் வெந்து ஒரு வாலிபன் இறந்தான். அவன் யார் நிலத்தை எடுத்தான்? யார் கூலியைக் குறைத்தான்? அவன் தாயும் மகன் அனுப்பும் பணத்துக்குக் காத்திருந்தவள்தானே?

“எல்லாம் சரி, அவர்கள் குறைந்த கூலிக்கு வருகிறார்களே?” என்று கேட்பீர்கள். வருகிறார்கள். ஏன்? அட்வான்ஸ் கடன், பாஷை தெரியாத பயம், பக்கத்தில் நிற்கச் சங்கம் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அதே வேலைக்கு அதே கூலி என்று 1979-லேயே சட்டம் எழுதினார்கள். மில் வாசலுக்குள் அது நுழையவில்லை. அவர்களைத் துரத்தினால் காண்ட்ராக்டர் அடுத்த ரயிலில் வேறு ஆட்களை இறக்குவான். அவர்களுக்கும் நம் கூலியே என்று ஆக்கிவிட்டால், இறக்குவதில் அவனுக்கு லாபம் ஏது?

ஆகையால், கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பதிலாக நாம் இதை முன்வைக்கிறோம். நிறுத்தப்பட்ட நம் ஆட்களை மீண்டும் எடுக்க வேண்டும். எந்த ஊரானாலும் ஒரே வேலைக்கு ஒரே கூலி. எல்லோர் பெயரும் மில் பதிவேட்டில் ஏற வேண்டும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டும். சங்கத்தின் கதவு அவர்களுக்கும் திறந்திருக்கும். நம் நோட்டீஸ் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சாகும்.

ஒரு வேலையும் இருக்கிறது. அந்தக் கொட்டகைக்கு நாளை மாலை நம்மில் ஐந்து பேர் போக வேண்டும். அங்கே தமிழ் கற்றுக்கொண்ட பையன் ஒருவனாவது இருப்பான். அவனிடம், உனக்கு என்ன கூலி, எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்கள் என்று கேட்போம். நம் கூலி என்ன என்பதையும் சொல்வோம். கண்டிச் சீமையில் நம் பாட்டனின் லயத்துக்கு அப்படி வந்து கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். இன்னும் நிறையப் பேர் வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

யார் யார் வருகிறீர்கள்? கை தூக்குங்கள், தோழர்களே!