பாசி வரியிலிருந்து 300 மீட்டர்
மன்னார் முள்ளிக்குளத்துக்கு முன்னால் கடல், பக்கத்தில் மோதரகம் ஆறு. மாரியில் தண்ணீர் எந்தப் பக்கத்தாலும் வரலாம்.

கரையில் வீடு கட்ட நினைப்பவர் முதலில் நாடா பிடிக்க வேண்டும். இலங்கையின் 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, கடல் பெருகி நிற்கும் சராசரிக் கோட்டிலிருந்து நிலத்துக்குள் 300 மீட்டர் கரையோர வலயம். காய்ந்த பாசி ஒதுங்கிக் கிடக்கிறதே, ஏறக்குறைய அந்த வரிதான். ஆற்றுமுகம் என்றால் கணக்கு 2 கிலோமீட்டர் வரை உள்ளே போகும்!

அளந்த பிறகு வருவது காப்புறுதி. அமெரிக்காவில் வெள்ள வரைபடத்தின் அபாய வலயத்துக்குள் வீடு விழுந்தால், வங்கிக் கடனுக்கே வெள்ளக் காப்புறுதி கேட்பார்கள். நம் நாட்டில் 2016 ஏப்ரலில் அரசே தவணை கட்டி, வீடொன்றுக்கு 25 இலட்சம் ரூபா வரை அனர்த்தக் காப்புறுதி தொடங்கியது. மை காயமுன்னமே, மே மாதம் களனி கங்கை கொலன்னாவை வீடுகளுக்குள் புகுந்துவிட்டது.