காலாண்டுக்கு ஓர் அறிக்கை



இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் கணித ஆசிரியர். ஆகவே ஒரு கணிதக்காரரின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1913 தொடக்கத்தில் சீனிவாச இராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்தார். கல்லூரி இடைநிலைத் தேர்வான எஃப்.ஏ. தேறாதவர். பிப்ரவரியில் துறைமுகத்துக்கு வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், அவருடைய கணக்குகளைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். மார்ச்சில் கணிதப் பாடக்குழு கூடி, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டு உதவித்தொகைக்குப் பரிந்துரைத்தது. ஆட்சிக்குழுவில் தடை எழுந்தது: முதுகலை படிக்காதவருக்கு எப்படிக் கொடுப்பது? ஆய்வை வளர்ப்பதும் தன் பணி என்று பல்கலைக்கழகச் சட்டமே சொல்கிறதே என்ற வாதம் அங்கே வென்றது. மே மாதம் உதவித்தொகை தொடங்கியது.

அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செய்த வேலையை எழுதிப் பாடக்குழுவிடம் தர வேண்டும். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் முன் இராமானுஜன் அப்படி மூன்று அறிக்கைகள் தந்தார். தொகையீடுகளைக் கணக்கிட அவர் கண்ட ஒரு தேற்றம் அவற்றில் இருக்கிறது. இன்று உலகம் அதை இராமானுஜனின் முதன்மைத் தேற்றம் என்கிறது. அதற்கு அவர் தந்த நிறுவல் முழுமையானதன்று. கறாரான நிறுவலைப் பின்னாளில் ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டி தந்தார். குறையோடு இருந்த அந்த வேலையைக் குறையோடே எழுதித் தர அவருக்கு ஓர் இடம் இருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம் ஆய்வு மாணவருக்கு அந்த இடம் இருக்கிறதா? விதி இருக்கிறது. பருவத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழுவின் முன் வர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக்குழு சொல்கிறது. கூட்டமும் நடக்கிறது: இருபது ஸ்லைடு, கால்மணி நேரம், "எத்தனை பேப்பர் வந்திருக்கு?" என்ற கேள்வி, கையெழுத்து. ஆய்வேடு தரும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக்குழு 2022 விதிமுறைகளில் நீக்கிவிட்டது. நம் துறைகளில் கேள்வி மட்டும் மாறவில்லை. பணம் கட்டினால் பத்து நாளில் அச்சேற்றும் இதழ்கள் இந்தக் கேள்வியைத் தின்றுதான் கொழுத்தன. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்டதைத்தான் அவர்கள் கொண்டுவந்து தருகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகப் போயிருந்தேன். ஆய்வேட்டில் எல்லாச் சோதனையும் வெற்றி. தேர்வு முடிந்து காபி குடிக்கும்போது அந்த மாணவி மெல்லச் சொன்னார்: "ஐயா, முதல் ரெண்டு வருஷம் செஞ்சது எதுவுமே வரல. அந்த அத்தியாயத்தை எடுத்துடச் சொன்னாங்க." ஏன் வரவில்லை என்று கேட்டேன். அரை மணி நேரம் விளக்கினார். அன்று நான் கேட்டவற்றில் உண்மையான ஆய்வு அந்த அரை மணிதான். அது எந்த நூலகத்திலும் இல்லை. அடுத்து வரும் மாணவர் அதே சுவரில் மறுபடி இரண்டு ஆண்டு முட்டுவார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் ஆய்வேட்டை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன்.

துணைவேந்தர் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டாம். குழுக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே மாணவர் நான்கு பக்கம் எழுதித் தரட்டும். வந்தது, வராதது, ஏன் வரவில்லை என்ற சந்தேகம், மூன்றும் அதில் இருக்கட்டும். நெறியாளர் அல்லாத ஓர் உறுப்பினர் அதைப் படித்து, ஓரத்தில் தம் கையால் குறிப்பெழுதிக் கொண்டுவரட்டும். படிக்காமல் வந்தால் அன்று கூட்டம் வேண்டாம், தள்ளிவைக்கலாம்.

அந்தத் தாள்களைத் துறை நூலகத்தில் வையுங்கள். இராமானுஜனின் மூல அறிக்கைகள் நம்மிடம் இல்லை. 1925-ல் ஒருவர் கையால் படியெடுத்து வைத்ததால்தான் அவற்றில் என்ன இருந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறது.