வரத்தைப் பார், பிறகு வாய்க்காலைப் பார்

நாம் கூடியிருக்கும் இந்தத் தில்லி லோதி ரோட்டின் மேற்குக் கோடியில் சப்தர்ஜங் கல்லறை, கிழக்குக் கோடியில் ஹுமாயூன் கல்லறை, இடையில் லோதி தோட்டம். பழைய தோட்டத்தில் நீரை மீட்பது என்றதும் நம்மவர்களுக்கு நீரூற்றுதான் நினைவுக்கு வருகிறது. அமைச்சர் பொத்தானை அழுத்துவார், தண்ணீர் பீச்சும், படம் எடுப்பார்கள். அடுத்த கோடையில் தொட்டியில் சருகு கிடக்கும். நான் சொல்வது இதுதான்: தண்ணீரை ஓடவிடுவது கடைசி வேலை. வரத்து எது, வடிகால் எது என்று முடிவு செய்யாமல் வாய்க்காலில் கை வைக்கவே கூடாது.

ஹுமாயூன் கல்லறையில் அதைத்தான் செய்தார்கள். இந்தியத் தொல்லியல் துறையும் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் 2003-இல் முடித்த பணி அது. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வாய்க்காலைப் புதுப்பித்தார்கள். வாட்டம் எவ்வளவு தெரியுமா? 40 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர்! நம் ஊர்க் கொத்தனார் ரசமட்டத்தை வைத்துவிட்டுப் பெருமூச்சு விடுவார். ஒரு கல் சற்றே அமிழ்ந்தாலும் நீர் தேங்கும், பாசி பிடிக்கும், கொசு வரும். ஆனால் என்னைக் கவர்ந்தது அந்த வாட்டமல்ல. மண்மூடிய பழைய கிணறுகளைத் தூர்வாரினார்கள், மழைநீர் இறங்க 128 உறிஞ்சு குழிகள் வெட்டினார்கள், ஓடிய நீரே திரும்ப ஓடும்படி செய்தார்கள்.

லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் தில்லியில் செத்தவர் தோட்டத்துக்கு நீரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிலத்தடி நீரை உறிஞ்சி நீரூற்றை ஆட்டினால் அதற்குப் பதிலே கிடையாது. பெய்த மழையை நிலத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் தோட்டம் வேறு. அது ஊருக்கும் சேர்த்தே சேமிக்கிறது. இன்னொரு கேள்வி: ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தில் 1860-இல் ஆங்கிலேயர் தொட்டிகளை எடுத்துவிட்டு வட்டப் பூப்பாத்திகள் போட்டார்கள், 1947-இல் அகதிகள் தங்கினார்கள், இவையும் வரலாறுதானே, பதினாறாம் நூற்றாண்டுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? சலுகை காலத்துக்கு அல்ல. நாலு பாகமாகப் பிரித்த அந்தத் தோட்டத்தின் கணக்கே வாய்க்காலில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது புல்வெளி. அகதிகளின் கதையைப் பலகையில் எழுதி வைக்கலாம், வைக்கவும் வேண்டும். வாய்க்காலைப் பலகையில் எழுதி வைக்க முடியாது.

மதுரைக்காரர்கள் இங்கே இருந்தால் வண்டியூர்த் தெப்பக்குளத்தை நினைத்துப் பாருங்கள். பனையூர்க் கால்வாய் அடைபட்டிருந்தவரை தெப்பத்துக்கு மோட்டார் நீர். கால்வாயைச் சீர்செய்ததும் வைகையே உள்ளே வந்தது. இங்கே லோதி தோட்டத்திலும் வரத்துதான் கேள்வி: அட்புலா பாலம் அக்பர் காலத்தில் ஓர் ஓடையைக் கடக்கக் கட்டியது. எட்டுத் தூண்கள், ஏழு வளைவுகள்; இன்று கீழே இருப்பது குளம். ஓடையை அப்படியே மீட்க முடியாது, மேலே நகரம் எழுந்துவிட்டது. ஆனால் தோட்டத்தில் பெய்யும் மழை எந்தச் சரிவில் இறங்கி எந்தச் சாக்கடையில் விழுகிறது என்று மட்டம் பார்த்து வரைபடம் போட முடியும். புது தில்லி நகராட்சி மன்றத்திடம் நாம் முதலில் கேட்க வேண்டியது அந்த வரைபடத்தை. அதை மக்கள் பார்வைக்கு வைத்த பிறகு எத்தனை நீரூற்று வேண்டுமானாலும் திறக்கட்டும், நானே வந்து கைதட்டுகிறேன்.