பர்மாவிலிருந்து நடந்து வந்த பந்தாட்டக்காரர்

(கரையான்சாவடியில் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஷிப்டு முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கிறீர்கள். அலுப்பு தட்டும்படி நீட்டி முழக்க மாட்டேன். இன்று ஒரு கால்பந்தாட்டக்காரரைப் பற்றிப் பேசப்போகிறேன். அவர் பெயர் பிரெட் பக்ஸ்லி. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பெரிய நட்சத்திரம் அல்ல. யுத்த காலத்தில் பிழைப்புக்காகக் காலை நம்பிய ஆள்.

பக்ஸ்லி பர்மாக்காரர். அந்த நாட்டு அணிக்கு ஆடியவர். 1941 டிசம்பர் 23-ந் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது. ஓடியவர்களோடு பக்ஸ்லியும் ஓடினார். காடும் மலையும் கடந்து, நூற்றுக்கணக்கான மைல் நடந்து, உடல் நலிந்து, கல்கத்தா வந்து சேர்ந்தார்.

இங்கே சற்று நிறுத்துகிறேன். ஏனென்றால் அந்தப் பாதையில் பக்ஸ்லி தனியாக நடக்கவில்லை. நம் ஆட்கள் லட்சக்கணக்கில் நடந்தார்கள். தஞ்சாவூர், ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தெலுங்குத் தொழிலாளிகள். அரிசி மில்லில் உமி தின்ற நுரையீரலோடு நின்றவர்கள். செட்டியார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். முதல் குண்டு விழுந்ததுமே துறைமுகத் தொழிலாளிகள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். சர்க்கார் என்ன செய்தது? துறைமுகம் நின்றுவிடுமே என்று அவர்களைத் திரும்பி வரச் சொன்னது. திடகாத்திரமான ஆண்கள் டெக் டிக்கெட்டில் கப்பல் ஏறக்கூடாது என்று தடையும் போட்டது. மேல் வகுப்பு டிக்கெட்டுக்குக் காசு உள்ளவன் போகலாம். மூட்டை தூக்குகிறவன் குண்டுக்குக் கீழே நிற்கவேண்டும்! அவன் நிற்கவில்லை, நடந்தான்.

சிலர் அரக்கான் மலையைத் தாண்டி அக்கியாபுக்குப் போய்ப் படகு பிடித்தார்கள். சிலர் தமு வழியாக மணிப்பூருக்கு வந்தார்கள். கடைசியில் கிளம்பியவர்கள் ஹூகாங் பள்ளத்தாக்கில் மழைக்காலச் சேற்றில் சிக்கினார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் பல்லாயிரம் பேரைத் தின்றன. வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்று நடத்தினார்கள். 1942-ல் அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி இந்தப் பாரபட்சத்தைக் கண்டித்துத் தீர்மானமே போட்டது.

அந்தப் பாதையில் வந்த பக்ஸ்லி, கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் கதவைத் தட்டினார். கிளப் சேர்த்துக்கொண்டது. அந்தக் கிளப்புக்கு ஆடிய முதல் வெளிநாட்டுக்காரர் அவர்தான். வந்தவுடன் கோலாகக் குவித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். சோறில்லாமல் காட்டில் நடந்த கால், மைதானத்தில் உடனே ஓடுமா? உடம்பு தேற நாளாயிற்று.

அப்போது கல்கத்தா எப்படி இருந்தது தெரியுமா? 1942 டிசம்பரில் அங்கும் ஜப்பான் குண்டு விழுந்தது. 1943-ல் வங்காளப் பஞ்சம். முப்பது லட்சம் பேர் மாண்டார்கள் என்பது கணக்கு. நெல் விளைவித்த குடியானவன் பட்டணத்துத் தெருவில் வந்து, சோறு கேட்கவில்லை தோழர்களே, வடித்த கஞ்சியைக் கேட்டான்! அதே 1943-ல்தான் ஈஸ்ட் பெங்கால் முதன்முறையாக ஐ.எப்.ஏ. ஷீல்டை வென்றது. தெருவில் பிணம், மைதானத்தில் கோலாகலமா என்று கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த மைதானத்துக்கு வெளியே கூடியவர்களில் பெரும்பகுதி குமாஸ்தாக்களும் மில் தொழிலாளிகளும்தான். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரிசியைப் பதுக்கியவன் மைதானத்தில் நிற்கவில்லை, கிடங்கு வாசலில் நின்றான்.

1945-ல் பக்ஸ்லியின் கால் பேசிற்று. அவ்வருஷம் ஈஸ்ட் பெங்கால் கல்கத்தா லீகையும் ஷீல்டையும் சேர்த்து வென்றது. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் எதிரணி மோகன் பகான். ஒரே கோல், 1-0. போட்டவர் பக்ஸ்லி. அதே வருஷம் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையில் பி.பி.சி.ஐ. ரயில்வே அணியை 11-0 என்று தோற்கடித்தார்கள். அதில் 8 கோல் அவருடையது. எட்டு! ரயில்வேத் தோழர்கள் யாராவது இருந்தால் மன்னிக்கவும்.

கூலி என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அன்று நம் நாட்டில் கால்பந்து காகிதத்தில் கூலியில்லா ஆட்டம். ஆட்டக்காரன் ஏதாவது கம்பெனியிலோ ரயில்வேயிலோ ஓர் உத்தியோகம் தேடிக்கொள்ள வேண்டும். கால் உடைந்தால் அவன் பாடு. இங்கிலாந்தில் கூலி உண்டு. ஆனால் அதற்கு உச்சவரம்பும் உண்டு. யுத்தத்துக்கு முன் வாரச் சம்பளம் 8 பவுனுக்கு மேல் போகக்கூடாது. 1939-ல் யுத்தம் வந்ததும் ஒப்பந்தத்தையே நிறுத்திவிட்டு, ஆட்டத்துக்கு 30 ஷில்லிங் என்றார்கள். அந்த உச்சவரம்பை ஒழிக்க ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்த மிரட்டல் விடவேண்டியிருந்தது. 1961 ஜனவரியில்தான் ஒழிந்தது. பல்லாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஆட்டத்தில் ஆடுகிறவனுக்கு மட்டும் அளந்து போடுவது எந்த ஊர் நியாயம்?

பக்ஸ்லிக்குப் பிறகு, 1949-ல், அதே கிளப்பின் முன்னணி வரிசையில் ஐந்து பேரும் நம் தென்னாட்டுக்காரர்கள்: பெங்களூர் அகமது கான், தனராஜ், வெங்கடேஷ், காக்கிநாடா அப்பாராவ், கோட்டயம் சாலே. ஐவரையும் பஞ்ச பாண்டவர் என்றார்கள். அந்த வருஷம் லீக், ஷீல்டு, ரோவர்ஸ் மூன்றும் அவர்கள் கையில். அகமது கான் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடியவர். அங்கே பிரான்சிடம் 1-2 என்று தோற்ற நம் அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள்.

பக்ஸ்லிக்குக் காலில் ஒரு தொழில் இருந்தது, கதவு திறந்தது. அவரோடு நடந்த நம் ஆட்களுக்கும் தொழில் இருந்தது. நடவு, அறுப்பு, சுமை. அந்தத் தொழிலுக்கு எந்தக் கிளப் கதவைத் திறந்தது? ஷீல்டு இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவன் பெயர் எண்பது வருஷம் கழித்தும் கிடைக்கிறது. தமு வழியில் பிள்ளையைத் தோளில் சுமந்து வந்தவள் பெயரைக் கேட்டால் சொல்ல ஆளில்லை. 1964-க்குப் பிறகு பர்மாவிலிருந்து மறுபடியும் நம்மவர்கள் திரும்பினார்கள். வியாசர்பாடியில் அப்படி வந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தப் பேட்டையில்தான் பிள்ளைகள் பொழுது சாய்ந்தும் பந்தை விடுவதில்லை.

இந்தக் கூட்டத்திலும் பர்மா நடையில் வந்த குடும்பத்தார் இருக்கலாம். பாட்டன் சொன்னது, ஆத்தா சொன்னது எதுவானாலும் சரி. கூட்டம் கலைந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள். எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக, எத்தனை பேர் கிளம்பி எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்று எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன்.