சட்டத்திற்குச் சொல் தந்த அறிஞர்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதையைப் போற்றும் இவ்வவையில் நான் ஒரு சட்ட அறிஞரைப் பற்றிப் பேச விழைகிறேன். தமிழாசிரியைக்குப் பன்னாட்டுச் சட்டத்தோடு என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். ரஃபேல் லெம்கின் என்னும் அவ்வறிஞரின் தலையாய பணி ஒரு சொல்லைப் படைத்ததும், அச்சொல்லை உலக நாடுகளின் சட்டத்தில் ஏற்றியதுமே ஆகும். 'ஜெனோசைட்' என்பது அச்சொல். 'இனப்படுகொலை' என்றும் 'இன அழிப்பு' என்றும் நாம் அதனைத் தமிழில் வழங்குகிறோம். சொல்லோடு வாழும் நமக்கு அவர் வரலாறு அயலன்று.

லெம்கின் 1900ஆம் ஆண்டில், அன்று உருசியப் பேரரசைச் சார்ந்ததும் இன்று பெலாரசில் உள்ளதுமான ஒரு பகுதியில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். பன்மொழி கற்றவர், எபிரேயக் கவிஞர் பியாலிக்கின் குறுநாவல் ஒன்றைப் போலிஷ் மொழியில் பெயர்த்து 1926இல் வெளியிட்டவர்.

ஆர்மீனிய மக்களின் பேரழிவுக்கு முதன்மைப் பொறுப்பாளராகக் கருதப்பட்ட துருக்கி அமைச்சர் தலாத் பாஷாவை, 1921இல் பெர்லின் தெருவொன்றில் ஆர்மீனிய இளைஞர் ஒருவர் சுட்டுக் கொன்றார். லுவோவ் பல்கலைக்கழக மாணவரான லெம்கின் தம் பேராசிரியரிடம் ஒரு வினா எழுப்பினார். ஒருவரைக் கொன்ற இளைஞரைச் சட்டம் விசாரிக்கிறது. ஒரு மக்களினத்தையே அழித்தவரை விசாரிக்கச் சட்டம் இல்லையா? பண்ணையாளன் தன் கோழிகளைக் கொன்றால் அதைக் கேட்க அயலாருக்கு உரிமையில்லை என்பதே பேராசிரியர் தந்த விடையின் சாரம். நாட்டின் இறைமை என்பதற்கு அன்று அப்படித்தான் பொருள் கொண்டனர். அவ்விடையை ஏற்க மறுத்ததிலிருந்து லெம்கினின் பணி தொடங்குகிறது.

வார்சாவில் அரசு வழக்கறிஞராய் இருந்தபோது, 1933இல் மாட்ரிட் நகரில் கூடிய சட்ட மாநாட்டிற்கென அவர் ஓர் அறிக்கை எழுதினார். மக்கட் குழுக்களை அழித்தல் ஒரு குற்றம், அவர்தம் கலைச் செல்வங்களை அழித்தல் மற்றொரு குற்றம் என இரண்டையும் பன்னாட்டுச் சட்டம் ஏற்க வேண்டும் என்றார். மாநாட்டிற்கு அவரால் செல்ல இயலவில்லை. மாநாடும் அக்கருத்தை ஏற்கவில்லை. 1939இல் ஜெர்மனி போலந்தின் மீது படையெடுத்தது. லெம்கின் தப்பிச் சுவீடனை அடைந்து, 1941இல் அமெரிக்கா சேர்ந்தார்.

சுவீடனில் அவர் செய்த ஒரு பணியை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஜெர்மனி கைப்பற்றிய நாடுகளில் வெளியான அரசாணைகளை அவர் திரட்டத் தொடங்கினார். போலந்தியர் மணம் புரிய அதிகாரியின் இசைவு வேண்டும் என்றது ஓராணை. லக்சம்பர்க் மக்கள் தம் பெயர்களை ஜெர்மன் வடிவிற்கு மாற்ற வேண்டும் என்றது மற்றோராணை. தனித்தனியே பார்த்தால் அவை வெறும் நிர்வாகக் குறிப்புகள். ஒருசேர வைத்துப் படித்த அவருக்கு அவற்றின் உட்கருத்து புலனாயிற்று. அந்த ஆணைகளைத் தொகுத்து விளக்கிய அவரது பெருநூல் 1944இல் வெளிவந்தது. அதன் ஒன்பதாம் இயலில்தான் அப்புதுச்சொல் விளக்கம் பெற்றது. இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'கெனோஸ்'. கொல்லுதலைக் குறிக்கும் இலத்தீன் ஈறு 'சைட்'. இரண்டையும் இணைத்தார் அவர்.

1945இல் நூரம்பெர்க் குற்றப்பத்திரிகையில் அச்சொல் இடம்பெற்றது. 1946ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இடம்பெறவில்லை. தம் உறவினருள் 49 பேரை, பெற்றோர் உட்பட, இழந்த செய்தியும் அக்காலத்தில் அவரை வந்தடைந்தது. அவர் ஐக்கிய நாடுகள் அவையை நாடினார். எந்நாட்டின் பேராளரும் அல்லர் அவர். தாழ்வாரங்களில் காத்திருந்து ஒவ்வொருவரிடமும் வேண்டினார். இந்தியா, கியூபா, பனாமா ஆகிய மூன்று நாடுகள் முன்மொழிய, 1946 டிசம்பர் 11 அன்று தீர்மானம் நிறைவேறியது. 1948 டிசம்பர் 9 அன்று பாரிசில் உடன்படிக்கை ஏற்கப்பெற்றது.

ஆயினும் அவர் விரும்பிய ஒரு பகுதி அதில் இல்லை. மொழியையும் நூலகங்களையும் பண்பாட்டையும் அழிப்பதும் இக்குற்றமே என்ற விதி, 1948 அக்டோபரில் குழு வாக்கெடுப்பில் 25க்கு 16 என நீக்கப்பட்டது. நூலகத்தை மூடுவதையும் மனிதரைக் கொன்று குவிப்பதையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்டனர். அவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், தம் நாட்டுச் சிறுபான்மையினரையும் குடியேற்ற நாடுகளையும் எண்ணி அஞ்சிய அரசுகளும் நீக்கத்தை ஆதரித்தவற்றுள் இருந்தன.

இங்கே தமிழாசிரியை என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். 'இனப்படுகொலை' என்ற நம் சொல்லில் கொலை மட்டுமே ஒலிக்கிறது. உடன்படிக்கையோ ஐந்து செயல்களைக் கூறுகிறது. கொல்லுதல், உடலுக்கோ உள்ளத்திற்கோ கடுந்தீங்கு இழைத்தல், வாழ இயலா நிலையை வேண்டுமென்றே சுமத்துதல், பிறப்பைத் தடுத்தல், குழந்தைகளை வேறு குழுவிற்கு வலிந்து மாற்றுதல் என்பன அவை. ஒரு குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ, அக்குழு என்பதற்காகவே அழிக்கும் நோக்கம் இருத்தல் வேண்டும். ஆகவே 'இன அழிப்பு' என்பதே மூலக்கருத்திற்கு அணுக்கமானது என்பது என் துணிபு. பிரித்தெடுத்த குழந்தை முதலில் இழப்பது தாய்மொழியை அன்றோ?

1998 செப்டம்பர் 2 அன்று, ருவாண்டாவுக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயம் ழான் பால் அகயேசு என்பவரை இக்குற்றத்திற்காகத் தண்டனைக்குரியவர் எனத் தீர்ப்பளித்தது. பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று இக்குற்றத்தை மெய்ப்பித்த முதல் வழக்கு அது. அழிக்கும் நோக்கோடு பெண்கள் மீது நிகழ்த்தும் பாலியல் வன்முறையும் இன அழிப்பே என்று அத்தீர்ப்பு கூறியது. தீர்ப்பளித்த மூவருள் ஒருவர் நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ் மரபில் பிறந்தவர்.

அந்நாளைக் காண லெம்கின் இல்லை. இந்தியா இவ்வுடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்த நாள் 1959 ஆகஸ்டு 27. மறுநாள் நியூயார்க்கில் அவர் காலமானார். வறுமையில் வாழ்ந்த அவருடைய இறுதிச் சடங்கிற்கு வந்தவர் மிகச் சிலரே. நிறைவுறாத தன்வரலாறு 2013இல்தான் நூலாயிற்று.

கவிஞர் பெருமக்களே, இன்று எந்தத் துயரையும் மிகுத்துக் காட்ட இச்சொல்லை எடுத்தாளும் வழக்கம் பெருகியுள்ளது. அவ்வாறு ஆளுந்தோறும், உண்மையிலேயே அழிவுக்குள்ளாகும் மக்களுக்கு உரிய சொல் வலுவிழக்கிறது. பொருளறிந்து அதனை ஆளுங்கள். ஆள வேண்டிய இடத்தில் அஞ்சாமல் ஆளுங்கள். சட்டம் விட்டுவிட்ட மொழியின் அழிவையும் நூலின் அழிவையும் பதிவு செய்யும் கடமை எழுதுவோரிடமே எஞ்சியுள்ளது. அப்பணியில் இவ்வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் தொடர வாழ்த்துகிறேன்.